மணி தெரியாத ஸ்டாப்வாட்ச்

தாம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் வரைக்கும் அந்தக் காலத்தில் குடியிருந்த லட்சோப லட்சம் ஜனங்களில், மணி என்னவென்று ஒரு நாளும் தெரிந்துகொள்ளாமல், ஒரு நாளும் ஆபீசுக்கு லேட்டாகாமல் வாழ்ந்தவன் ஒரே ஒருத்தன்தான். சத்தியமாகச் சொல்கிறேன். அவனைத் தட்டி எழுப்பி, "இப்ப காலையா, சாயங்காலமா?" என்று கேட்டால் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான். ஆனால் படுத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேளுங்கள், செகண்ட் சுத்தமாகச் சொல்வான்.

காரணம், அவன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய ஸ்டாப்வாட்ச். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர்கள் வைத்திருப்பார்களே, தலையில் குமிழ் வைத்த குண்டு வாட்ச், அதேதான். தினமும் காலையில் பல் தேய்த்ததும் அதற்குச் சாவி கொடுப்பான். அதனால் ஊருக்கே அவன் ஸ்டாப்வாட்ச். நிஜப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. அவன் அம்மாவே ஒரு முறை ஆபீசுக்குப் போன் செய்து, "ஏம்ப்பா, ஸ்டாப்வாட்ச் இருக்கானா?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். சொல்வார்கள் என்ன, போனை எடுத்தவனே நான்தான்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். குரோம்பேட்டையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி. மாடியில் நாங்கள் புரோகிராம் எழுதுவோம், கீழே எவர்சில்வர் குடம் உருளும். நான் சேர்ந்த முதல் நாள், படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே வாசலில் நின்றவனிடம், "மணி என்ன சார் ஆகுது?" என்று பணிவாகக் கேட்டேன்.

"மணி தெரியாது. நீங்க படியேற ஆரம்பிச்சு இருபத்தாறு செகண்ட் ஆச்சு."

"இல்ல சார், டைம்…"

"டைம்தான் சொன்னேன். நேத்து இன்டர்வியூவுக்கு வந்தப்ப பத்தொம்போது செகண்ட்ல ஏறினீங்க. உடம்புக்கு ஏதாச்சும் சரியில்லையா?"

எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, இந்த ஆளோடு நாள் பூரா சண்டை போடலாம், ஆனால் பிரிந்து இருக்க முடியாது என்று. ஒரு வாரத்தில் 'சார்' போய் 'டா' வந்துவிட்டது.

எதிரில் டீக்கடை. அங்கே இவன் போனாலே மாஸ்டர் முகம் இஞ்சி தின்ன மாதிரி ஆகிவிடும். டீ சொன்னதும் 'டிக்' என்று ஒரு அழுத்து. கிளாஸ் கைக்கு வந்ததும் இன்னொரு 'டிக்'.

"அண்ணா, இன்னிக்கு மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்ட். நேத்தைவிட நாப்பது செகண்ட் ஜாஸ்தி."

"இன்னாபா இது பேஜாரு! நான் டீ போட்டுகினு கீறனா, ரேஸு வுட்டுகினு கீறனா?" என்று மாஸ்டர் கத்துவார். கத்திவிட்டு, கொஞ்சம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "அந்த ஸ்டேசனாண்ட கடைல எவ்ளோ ஆவுது?" என்று கேட்பார். இவன் பாக்கெட் நோட்டைப் புரட்டி, "நாலு நிமிஷம் அஞ்சு செகண்ட்" என்பான். மாஸ்டர் முகம் மலர்ந்து, அன்றைக்கு டீயில் பாலேடு விழும்.

இவனுக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று ஒரு நாள் கேட்டேன். எல்லாம் அவன் வீட்டுச் சுவர்க் கடிகாரம் செய்த வேலையாம். நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று அப்பா அதைப் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டாக வைத்தார். நம் வீடுகளில் வழக்கம்தானே, யார்தான் வைக்கவில்லை? அம்மாவுக்கு அது தெரியாது, அவர் பங்குக்கு ஒரு பத்து. அக்கா காலேஜ் பஸ்ஸுக்காக ஐந்து. அப்புறம் ஒவ்வொருவரும் மனசுக்குள் தங்களுக்குத் தெரிந்த அளவைக் கழித்துக்கொள்வார்கள். பிளஸ் டூ கணக்குப் பரீட்சையன்று வீட்டில் நான்கு பேரும் சேர்ந்து கழித்த கழிப்பில், ஹாலுக்குள் அரை மணி லேட்டாகப் போய் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு முடிவு பண்ணேன்டா. மணின்னா நாலு பேர் கை வெச்சது. எவ்ளோ நேரம் ஆச்சுங்கறதுல எவனும் கை வெக்க முடியாது."

அவனிடம் 'சுமார்' என்ற வார்த்தை மட்டும் எடுபடாது. கோவிலம்பாக்கத்தில் பெண் பார்க்கப் போனபோது நானும் துணைக்குப் போனேன். பெண்ணின் அப்பா ரிட்டயர்டு ஆசிரியர். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, "மாப்பிள்ளை, மணி என்ன ஆச்சு?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாங்க வந்து பதினேழு நிமிஷம் நாப்பது செகண்ட் ஆச்சு சார்."

தரகர் இவன் தொடையைக் கிள்ளி, "சும்மா ஒரு கால் மணி நேரம்னு சொல்லுங்களேன்" என்று காதைக் கடித்தார். இவன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட் பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றான். சம்பந்தம் போச்சு என்று நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன். அப்போது சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "பஜ்ஜி எவ்ளோ நேரத்துல காலியாச்சுன்னு கேளுங்கப்பா."

"ஒண்ணே முக்கால் நிமிஷம்" என்று சொன்னவன், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் நாப்பத்தேழு" என்று திருத்தினான். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த தையில் கல்யாணம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் வேலை போகவிருந்த கதை அது.

எங்கள் கம்பெனி சொந்தமாக ஒரு சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதி விற்றது. ஒரே மெஷின், அதில் எட்டு டெர்மினல். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் தட்டினாலும், யாருக்கு முதலில் வழி விடுவது, யாரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வது என்று பார்த்துக்கொள்வது அந்த சிஸ்டம். அதில் டிஸ்க்கில் எழுதுகிற பகுதி நான் எழுதியது. ஆறு மாதம் பார்த்துவிட்டு, சரிப்பட்டால் நிரந்தரம் என்று என்னை எடுத்திருந்தார்கள். ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் என் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; "பையன் பர்மனென்ட்" என்று அப்பா முன்கூட்டியே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அந்த மெஷின் ஒன்று திருமுடிவாக்கம் எஸ்டேட்டில், லாரிக்கு போல்ட் நட் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருந்தது. அங்கிருந்து புகார் வந்தது. தினமும் காலையில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் நேரத்தில் ஸ்டோர்ஸ் டெர்மினல் பத்து, பதினோரு நிமிஷம் செத்துப்போகிறது. அப்புறம் தானே உயிர் வருகிறது. அடுத்த வாரச் சனிக்கிழமைக்குள் காரணம் சொல்லுங்கள், இல்லையென்றால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று அந்தத் தொழிற்சாலை முதலாளி சொல்லிவிட்டார்.

எங்கள் எம்.டி. சிஸ்டத்துக்குள் ஒரு டைரி வைக்கச் சொன்னார். எந்த வேலை எப்போது ஆரம்பித்தது, எப்போது முடிந்தது என்று மெஷினே தன் கடிகாரத்தைப் பார்த்து வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். டிரேஸ் என்று பெயர். ஒரு வாரம் ஓடவிட்டு, நான்தான் அதைச் சுருக்கி ரிப்போர்ட் போட்டேன். என் கையாலேயே எனக்குக் குழி வெட்டிக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை.

ரிப்போர்ட்டில் தினமும் காலையில் ஒரே ஒரு வரி தலை விரித்து ஆடியது. டிஸ்க்கில் எழுத எடுத்துக்கொண்ட நேரம்: பதினோரு நிமிஷம்.

"அவங்க பதினோரு நிமிஷம் செத்துப்போகுதுங்கறாங்க. உன் புரோகிராம் பதினோரு நிமிஷம் எடுத்துக்குது. இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?" என்றார் எம்.டி. "சனிக்கிழமை நேர்ல போய், தப்பு பண்ணது யாருன்னு சொல்லிட்டு, அந்தப் பகுதியை வேற ஆளை வெச்சு எழுதித் தரேன்னு சொல்லப்போறேன். உன் ஆறு மாச ரிப்போர்ட்டையும் அன்னிக்கே எழுதிடறேன்."

நான் போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே குடம் உருளுகிற சத்தம்கூட என்னைத் திட்டுகிற மாதிரி இருந்தது. ஸ்டாப்வாட்ச் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாலு நிமிஷமா இங்கயே உக்காந்திருக்கே. என்னடா?"

சொன்னேன். அவன் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தான். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்.

"இது ரொம்ப சுத்தமா இருக்கே. எதையாச்சும் எடுத்துட்டியா?"

"ஒண்ணுமில்லடா. கொஞ்சம் குப்பை இருந்துது. சில வேலையெல்லாம் ஆரம்பிக்கறதுக்குப் பதினோரு நிமிஷம் முன்னாடியே முடிஞ்சுபோச்சுன்னு வந்துது. மைனஸ்ல எங்கயாச்சும் நேரம் இருக்குமா? எம்.டி. பாத்தா சிரிப்பாருன்னு எடுத்துட்டேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அரிசியில் கல்லைப் பொறுக்கச் சொன்னால் அரிசியையே பொறுக்கி எறிந்தவனைப் பார்க்கிற பார்வை.

"அடப்பாவி! மெஷின் தானா வந்து, 'எனக்கு உடம்பு சரியில்ல'ன்னு சொல்லியிருக்கு. நீ அதைக் குப்பைன்னு கூட்டித் தள்ளியிருக்கே. எங்கடா அந்த வரிங்க?"

நல்லவேளை, பழைய ஃபிளாப்பியில் எல்லாம் இருந்தது. பார்த்தோம். தினமும் காலையில் முதலில் ஒரு மைனஸ் பதினோரு நிமிஷம். அப்புறம் இருபது நிமிஷத்துக்குள் என்னுடைய பிளஸ் பதினோரு நிமிஷம். நேராக எம்.டி. அறைக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், டைரி எழுதற கடிகாரமே சரியில்ல. அதை நம்பி இவனைத் திட்டாதீங்க."

எம்.டி.க்கு ரோஷம் வந்துவிட்டது. "ரேடியோல நியூசுக்கு முன்னாடி பீப் பீப்னு வரும் பாரு, அதுக்கு என் வாட்சை செட் பண்றேன். என் வாட்சை வெச்சு நானே போய் அந்த மெஷினை செட் பண்ணேன். இதைவிட கரெக்டா என்ன வேணும்?"

"கரெக்டா இருக்கலாம் சார். ஆனா செட் பண்ண முடியும்ல? துணிக்கடைல துணி அளந்துகிட்டு இருக்கறப்பவே நடுவுல ஸ்கேலை மாத்தினா எத்தனை மீட்டர்னு யாருக்குத் தெரியும்? மணி சொல்றதுக்கு அது சரி. அளக்கறதுக்கு ஆகாது."

"அப்ப உன் கழுத்துல தொங்கறதை மெஷினுக்குள்ள வெச்சுத் தெக்கச் சொல்றியா?"

"அதே மாதிரி ஒண்ணு உள்ள இருக்கா பாக்கறேன் சார்."

தேடுதல் வேட்டை ஆரம்பித்தது. நான் முந்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னேன். எங்கள் சிஸ்டம் செகண்டுக்கு நூறு தடவை தனக்குத்தானே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகளை எண்ணினால் போதுமே? அதை யாரும் திருத்த முடியாது.

அவன் யோசித்தான். "நீ டிஸ்க்ல எழுதறப்ப என்ன பண்றே?"

"யாரும் குறுக்க வரக் கூடாதுன்னு கதவைச் சாத்திக்கறேன்."

"புள்ளி வெக்கறவன் எங்க நிக்கறான்?"

"கதவுக்கு வெளியே…" என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கதவு சாத்தியிருக்கும் வரைக்கும் புள்ளி விழாது. நான் பத்து செகண்ட் உள்ளே தூங்கினாலும் அது ஒரு செகண்ட்கூட ஆகவில்லை என்றுதான் சொல்லும். உடனே என் மூளை வேறு பக்கம் ஓடியது. "டேய், அப்ப அது எனக்கு ரொம்ப நல்லதாச்சே! அதையே வெச்சுக்கலாம்டா!"

"உதை வாங்குவே. பொய்க் கணக்குல இந்த வாரம் தப்பிச்சா அடுத்த வாரம் மாட்டுவே. நிஜமாவே உன் புரோகிராம்தான் பதினோரு நிமிஷம் எடுத்துக்குதுன்னா, அதையும் நான்தான் முதல்ல சொல்லுவேன்."

இவன் என் பக்கமா, கடிகாரத்தின் பக்கமா என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் மெஷின் போர்டின் சர்க்யூட் படத்தை மேஜை பூரா விரித்துவைத்து ஒரு மூலையில் விரலை வைத்தான். அங்கே ஒரு சில்லு. மெஷினைப் போட்டதிலிருந்து அணைக்கும் வரைக்கும், பக்கத்திலிருக்கும் குவார்ட்ஸ் படிகம் துடிக்கத் துடிக்க எண்ணிக்கொண்டே இருக்கும். யார் கதவைச் சாத்தினாலும் அதற்குக் கவலையில்லை. அதைத் திருத்துவதற்கு வழியே கிடையாது. சீக்கிரம் நிறைந்துவிடும், நிறைந்தால் ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி மறுபடி முட்டையிலிருந்து ஆரம்பிக்கும். எத்தனை தடவை நிறைந்தது என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"ஒரே ஒரு குறை" என்றான். சொல்லும்போது முகமெல்லாம் பெருமை. "அதுக்கு மணி தெரியாது."

"உனக்கு ஒண்ணுவிட்ட தம்பியாடா?" என்றேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

டைரியை மாற்றி எழுதினோம். இனிமேல் ஒவ்வொரு வரியிலும் பழைய கடிகாரத்தின் மணியும் இருக்கும், பக்கத்திலேயே இந்தச் சில்லின் எண்ணிக்கையும் இருக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் போய் அதை ஏற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை இருவரும் திருமுடிவாக்கம் போனோம். தொழிலாளர்கள் வருகிற அதே பஸ். ஏறும்போது ஒரு 'டிக்'. பல்லாவரம் தாண்டி, கூட்டத்தில் நசுங்கி, எஸ்டேட் வாசலில் இறங்கும்போது இன்னொரு 'டிக்'. பஸ் நாற்பத்துநான்கு நிமிஷம் எடுத்துக்கொண்டது. ஷிஃப்ட் எட்டரை மணி. அது தாண்டிவிட்டது என்று கூட்டத்தில் எல்லாரும் முணுமுணுத்தார்கள், ஆனால் ஒருவர்கூட ஓடவில்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது.

கேட்டுக்கு உள்ளே டைம் ஆபீஸ். ஜன்னலுக்குப் பின்னால் மேரி அக்கா. ஒவ்வொருவரும் டோக்கன் நம்பர் சொல்ல, டெர்மினலில் தட்டுவார். மணியை மெஷினே போட்டுக்கொள்ளும். எட்டரையைத் தாண்டினால் லேட், மூன்று லேட்டுக்கு ஒரு நாள் லீவு பிடித்துவிடுவார்கள். நான் எட்டிப் பார்த்தேன். என் கை வாட்சில் எட்டு முப்பத்தொன்று. திரையில் எட்டு இருபது.

ஸ்டாப்வாட்ச் திரையைப் பார்த்தான், மேரி அக்காவைப் பார்த்தான். குமிழை அழுத்தினான். நான் வாயைத் திறக்குமுன் என் காலை மிதித்தான். வரிசை முடிந்ததும் அக்கா அன்றைய வருகையை டிஸ்க்கில் ஏற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். அது எழுதிக்கொண்டிருக்கும்போதே, வேறென்ன, மணியைப் பதினோரு நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தார். என் புரோகிராம் எட்டு முப்பதுக்குக் வேலையை ஆரம்பித்து, நடுநடுவே கதவைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு, இரண்டு செகண்டில் முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், மணி எட்டு நாற்பத்தொன்று! அக்கா ஜன்னலைச் சாத்தினார். அப்போது இன்னொரு 'டிக்' கேட்டது.

"அக்கா" என்றேன். "நீங்கதான் தினமும் மணியை மாத்தறீங்களா?"

அவர் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "இன்னா தம்பி பண்ணச் சொல்ற? பஸ்ஸு வர்லன்னா அதுங்க இன்னா பறந்தா வரும்? ரிஜிஸ்டர் இருந்தப்போ எட்டு இருவத்தெட்டுன்னு நானே எழுதிப்பேன். இப்ப இந்த டப்பா எழுதிகினு கீது. அதான் டப்பாவுக்கே மணிய மாத்திட்டேன். கரண்டு போனா மணி வெக்கறதுக்கு உங்க எம்.டி.தானே சொல்லிக் குட்த்தாரு?"

"அது கரண்டு போனா மட்டும்தானே அக்கா!"

"அப்பால கரெக்டா திருப்பி வெச்சிடறனே! ஒரு நிமிசம் நான் வூட்டுக்கு எட்த்துகினு போனனா?"

ஸ்டாப்வாட்சுக்கு வேறு ஒரு சந்தேகம். "பதினொண்ணு எதுக்குக்கா? பத்துன்னு வெச்சுக்கலாமே?"

"பத்து வெச்சா எவளோ மாத்திகினு கீறான்னு கண்டுபிட்ச்சிடுவாங்கோ. பதினொண்ணுன்னா மிசினு கோளாறுன்னு நெனப்பாங்கோ" என்றார் மேரி அக்கா. அப்படித்தான் நாங்களும் நினைத்தோம்.

ஆபீசுக்கு வந்து டைரியைப் பார்த்தோம். பழைய கடிகாரப்படி என் புரோகிராம் பதினோரு நிமிஷம். சில்லின் எண்ணிக்கைப்படி இரண்டேகால் செகண்ட். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரி, ஸ்டோர்ஸ் டெர்மினல் ஏன் செத்துப்போகிறது? அதையும் ஸ்டாப்வாட்ச்தான் கண்டுபிடித்தான். அந்த டெர்மினல் கொஞ்சம் கொஞ்சம் தூங்கி எழுந்து திரையைப் புதுப்பிக்கும். 'எட்டு முப்பத்தொன்றுக்கு எழுப்பு' என்று சொல்லிவிட்டுத் தூங்கும். அதற்குள் அக்கா மணியைப் பின்னால் தள்ளிவிட்டால், எட்டு முப்பத்தொன்று மறுபடி வரும் வரைக்கும் தூங்க வேண்டியதுதானே? தூங்குகிறவனை எழுப்புகிற அந்தப் பகுதியை எழுதியவர் யார் என்று பார்த்தோம். எம்.டி.

அதை அவரிடம் யார் சொல்வது? ஸ்டாப்வாட்ச் போய்ச் சொன்னான். எம்.டி. இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி இருமினார். "மூணு நிமிஷம் இருமினாருடா" என்று வெளியே வந்து சொன்னான்.

சனிக்கிழமை. முதலாளியின் அறை. எம்.டி. மரியாதையாகச் சொன்னார்: "டிஸ்க் பகுதியில ஒரு தப்பும் இல்ல சார். கடிகாரம் பின்னால போனா எங்க சிஸ்டம் குழம்பிடுது. அது எங்க தப்புதான். இனிமே எழுப்பறதும் அளக்கறதும் வேற கணக்குல நடக்கும். திங்கட்கிழமை மாத்திடறோம்."

என் உயிர் திரும்பி வந்தது. ஆனால் முதலாளி விடுகிற ஆள் இல்லை. "கடிகாரம் தானா பின்னால போகுமா? யாரு தள்ளினா?"

எம்.டி.க்கு நாங்கள் அதைச் சொல்லவே இல்லை. அவர் ஸ்டாப்வாட்சைத் திரும்பிப் பார்த்தார்.

"யாருன்னு டைரில எழுதறதில்ல சார்."

"நீங்க ரெண்டு பேரும் நேத்து வந்து நின்னு பாத்தீங்களாமே. எத்தனை மணிக்கு மாறிச்சு?"

"எனக்கு மணி தெரியாது சார்."

முதலாளி முறைத்தார். எம்.டி. அவசரமாக, "நிஜமாவே அவனுக்குத் தெரியாது சார், குரோம்பேட்டைல யாரை வேணும்னாலும் கேளுங்க" என்றார்.

முதலாளியின் பார்வை இவன் கழுத்துக்கு இறங்கியது. "சரி, கையில இதை வெச்சிருக்கியே. கடிகாரம் எவ்ளோ நேரம் பின்தங்கி இருந்துச்சு? அதைச் சொல்லு. அந்த நேரத்துல டெர்மினல்ல உக்காந்திருந்தது யாருன்னு நான் பாத்துக்கறேன்."

டைம் ஆபீஸ் ஜன்னல் திறந்திருந்த நேரமும் கடிகாரம் பின்தங்கிய நேரமும் ஏறக்குறைய ஒன்று. சொன்னால் மேரி அக்கா கதை முடிந்தது. இவனோ பெண் பார்க்கப் போன இடத்தில் இரண்டு நிமிஷம் நாற்பது செகண்டை விட்டுக்கொடுக்காதவன். எனக்காகக்கூடக் கணக்கை வளைக்க மாட்டேன் என்று சொன்னவன். ஸ்டாப்வாட்ச் குமிழைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"அழுத்த மறந்துட்டேன் சார்."

எம்.டி. வாயைப் பிளந்தார். கீழே குடம் உருண்டாலும் அழுத்துகிறவன், டீ ஆறுவதற்கு அழுத்துகிறவன், மறந்துவிட்டானாம்! முதலாளிக்கு அவனைத் தெரியாது, அதனால் நம்பிவிட்டார்.

அவர் எழுந்திருக்கும்போது இவன் பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தான். "பஸ் எடுத்துக்கற நேரம் சார். நேத்து நாப்பத்துநாலு நிமிஷம். இன்னிக்கு முப்பத்தொம்போது. அந்த வழியில போற டிரைவர்கிட்டயும் கேட்டு எழுதியிருக்கேன். உங்க ஆளுங்க லேட்டா கிளம்பறதில்ல, பஸ்தான் லேட்டு. சும்மா பாருங்க." இரண்டு வாரம் கழித்து அந்தத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் எட்டே முக்காலுக்கு மாறியது. மேரி அக்கா மணியை மாற்றுவதை நிறுத்திவிட்டு, பொழுது போகவில்லை என்று எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

எனக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. என் அக்கா கல்யாணமும் நடந்தது. சில வருஷங்கள் கழித்து வடக்கே வேறு வேலை கிடைத்து நான் கிளம்பியபோது, குரோம்பேட்டை ஸ்டேஷனில் ஏற்றிவிட ஸ்டாப்வாட்ச் மட்டும் வந்தான். எலெக்ட்ரிக் டிரெயின் வந்து நின்றது. படியில் நின்றுகொண்டு, ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"டேய், அன்னிக்கு முதலாளி ரூம்ல… நிஜமாவே மறந்துட்டியா?"

சுற்றும் முற்றும் பார்த்தான். அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்:

"பத்து நிமிஷம் முப்பத்தெட்டு செகண்ட்."

வண்டி நகர்ந்தது. அவன் கை ஆட்டவில்லை. கழுத்திலிருந்ததை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே குமிழை அழுத்தினான். அதை இன்னும் நிறுத்தியிருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். என் கையில் இப்போது நல்ல வாட்ச் இருக்கிறது, மணி கேட்டால் எல்லாருக்கும் சொல்கிறேன். ஆனால் அவனைப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்பதை மட்டும் வாட்சைப் பார்க்காமல் நானே எண்ணிக்கொண்டிருக்கிறேன்.